நீ அங்க இருந்தியா, மாப்ளே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார். இப்போது நான் சொல்லப்போகிற கதையை நானே ரொம்ப வருஷமாக நம்பவில்லை. நம்பவில்லை என்றால் பொய் என்று சொல்லவில்லை. சந்தேகம். என் தொழில் அப்படி.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். உள்ளே சாமான் வாங்கப் போயிருக்கிற பெரியவர் எந்தப் படை, எத்தனை வருஷம் சர்வீஸ் என்று கேட்டீர்கள். ஏர்போர்ஸ் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு அப்படி முடிக்க வராது. அதுவும் இன்றைக்கு வராது. உங்கள் டோக்கன் என்ன? அது வர நேரமாகும். மிலிட்டரி கேண்டீன் வரிசை எப்போது வேகமாக நகர்ந்தது? மீசையைப் பார்த்தால் நீங்கள் ஆர்மி. சரியா? உட்காருங்கள்.

அவர் என் அத்தான். என் அக்கா பிரமநாயகியின் கணவர். சங்கரபாகம் என்று பெயர். ஒன்பது வருஷம் விமானப்படையில் வேலை. பறக்கிற வேலை இல்லை. விமானத்தின் உடம்பைப் பழுது பார்க்கிற வேலை. இறக்கையில் துணி தைத்துப் போர்த்துகிற பழைய விமானங்கள் இருந்தனவே, அந்தக் காலத்து ஆள். ஒன்பது வருஷம் முடிந்து ஊருக்கு வந்தார். வந்த பிறகு ஆறு வருஷம் ரிசர்வ். ரிசர்வ் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருக்கலாம், வேறு வேலை பார்க்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். தந்தி வந்தால் மட்டும் கிளம்பிவிட வேண்டும்.

மற்றவர்கள் ரிசர்வில் இருந்தால் அது ஒரு கார்டு. பெட்டிக்குள் கிடக்கும். இவர் அப்படி இல்லை. இவர் ரிசர்விலேயே குடியிருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் தபாலாபீசுக்குப் போய், ‘நாளைக்கு எனக்குத் தந்தி வந்தா மண்டபத்துல கொண்டாந்து குடுங்க, தாலி கட்டுற நேரம்னாலும் பரவாயில்ல’ என்று சொல்லிவிட்டு வந்தார். அதை எங்கள் அப்பாவிடமும் வந்து சொன்னார். அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அப்போது பதினாலு வயது. எனக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். தந்தி வந்துவிட வேண்டும் என்று தோன்றியது. தாலியைக் கட்டிவிட்டு அப்படியே வேஷ்டியோடு விமானத்தில் ஏறுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தந்தி வரவில்லை. வருஷக்கணக்கில் வரவில்லை. ஒரு கறுப்புத் தகரப் பெட்டி கட்டின மேனிக்குக் கட்டில் அடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் திறந்து பூட்ஸை எடுத்துப் பாலிஷ் போட்டுத் திரும்ப வைப்பார். குற்றாலத்துக்கு எங்களையெல்லாம் ஒரு தடவை அழைத்துப் போனார். மெயின் அருவியில் தலையைக் கொடுத்தவர் உடனே வெளியே வந்துவிட்டார். ‘இதுக்குள்ள நின்னா சைக்கிள் மணி கேக்காது மாப்ளே’ என்றார். தந்திக்காரன் சைக்கிள் மணி! திருநெல்வேலியிலிருந்து குற்றாலத்துக்கு ஒருத்தன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வரப்போகிறானாம். ஓரமாக நின்று சொம்பில் மொண்டு குளித்தார்.

எங்கள் தெரு முடிதிருத்தும் கடைக்காரர் வேலு, இவர் போய் நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஆரம்பிப்பார். ‘என்ன ஏர்போர்ஸு, கட்டையா வெட்டவா? இல்ல, தந்தி வந்த பெறகு வெட்டிக்கிடுவமா?’

‘வெட்டுலே. வந்தா வரட்டும்.’

‘எங்க வரட்டும்? தலை நரைக்க ஆரம்பிச்சிட்டு. இனிமே ஒங்களைக் கூப்பிட்டா எதிரிதான் சிரிப்பான்.’

இவர் கோபப்பட மாட்டார். கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு இருப்பார்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் சிரிக்காத விஷயமும் உண்டு. அவர் ஒரு பஸ் கம்பெனியில் பாடி கட்டுகிற ஷெட்டில் வேலை பார்த்தார். மரச்சட்டம் போட்டு, தகடு அடித்து, பஸ்ஸுக்கு உருவம் கொடுக்கிற வேலை. கைவேலை சுத்தம். முதலாளி இவரை ஃபோர்மேன் ஆக்குகிறேன் என்றார். ‘என்னை எந்நேரமும் கூப்பிடுவான், ஒங்க ஷெட்டு பாதியில நிக்கும், வேற ஆளைப் போடுங்க’ என்று இவரே சொல்லிவிட்டு வந்துவிட்டார். அக்கா ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஃபோர்மேன் வேலை அதற்குப் பிறகு வரவே இல்லை. கடைசிவரை சட்டம் அறுத்துத்தான் ஓய்வு பெற்றார்.

எழுபத்தொன்றில், பாகிஸ்தான் சண்டை வந்த வருஷம், ரிசர்வ் முடியக் கொஞ்ச காலம்தான் பாக்கி, தந்தி வந்தது. பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்து கையைக் கழுவினார். பெட்டியை எடுத்தார். அக்காவுக்கு அழக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஆறு வருஷம் ஒத்திகை பார்த்தவர் இல்லையா? எல்லாம் கச்சிதமாக இருந்தது. யூனிபாரம் சட்டையில் வயிற்றுக்கு மேலே ஒரு பொத்தான் மட்டும் போட வரவில்லை. அது அக்காவின் சமையல். வேலு கடையைப் பூட்டிவிட்டு ரயிலடிக்கு வந்தார். முதலாளி மாலை போட்டார். ரயில் நகரும்போது நான் கூடவே பிளாட்பாரம் முடிகிறவரை ஓடினேன். அந்த வயதில் ஓடுவேன்.

சண்டை முடிந்து மாசி மாதம் வந்து இறங்கினார். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீக்காயம். இப்போதும் பார்க்கலாம், பாலாடை சுருங்கின மாதிரி இருக்கும். அந்தக் கையோடு அவர் சொன்ன கதைதான் இது.

எந்த ஊர் என்று சொல்ல மாட்டார். வடக்கே, அவ்வளவுதான். இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், ‘அது ரகசியம்’ என்பார். சாயங்காலம். வெளிச்சம் மங்குகிற நேரம். எதிரி விமானம் இரண்டு தாழ வந்தன. எல்லோரும் பதுங்கு குழிக்குள். ஒரு குண்டு. நின்றுகொண்டிருந்த விமானம் ஒன்றின் இறக்கையில் தீப் பிடித்துவிட்டது. எதிரி இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறான். குழியிலிருந்து ஒரு ஆள் அசையவில்லை. இவர் எழுந்து ஓடினார். தனியாக. ஈரச்சாக்கும் மண்ணுமாக அடித்து அணைத்துவிட்டார். அந்த இடத்துக்கு வரும்போது தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் தரையில் அடிப்பார். ‘பட்... பட்... டமார்! மூஞ்சிக்கு நேரா வெடிக்கி மாப்ளே. விடல. அணைச்சுட்டேன்.’

எல்லா வீட்டு விசேஷத்திலும் இந்தக் கதை உண்டு. பந்திக்கு அப்புறம், வெற்றிலைக்கு முன்னால். ‘மெடல் குடுக்கலையா?’ என்று யாராவது கேட்பார்கள். ‘அவசரத்துல பேரு எழுதிக்கிட விட்டுப்போச்சு’ என்பார்.

நான் அந்தக் கதையை நம்பினேன். முழுசாக நம்பினேன். அவர் மாதிரி ஆக வேண்டும் என்று ஏர்போர்ஸ் ஆளெடுப்புக்கே போனேன். நெஞ்சளவு அரை இஞ்சு குறைகிறது என்று தள்ளிவிட்டார்கள். கூட வந்த அத்தான்தான் வீட்டில் சொன்னார். அது வேறு விஷயம்.

பிறகு எனக்கு இன்சூரன்ஸில் வேலை கிடைத்தது. தீ விபத்துப் பிரிவு. கடை எரிந்துவிட்டது, குடோன் எரிந்துவிட்டது என்று பணம் கேட்பார்கள் இல்லையா? போய்ப் பார்த்து, தானாகப் பிடித்த தீயா, வைத்த தீயா, எரிந்தது நிஜமாகவே சரக்கா என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையில் ஒருத்தனுக்கு முதலில் போவது நம்பிக்கை. வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்தால்கூட, எந்தப் பக்கமிருந்து பொங்கியது என்று பார்ப்பேன். என் மனைவி சிரிப்பாள்.

எழுபத்தொன்பதில் தென்காசிப் பக்கம் ஒரு மூங்கில் கிட்டங்கி, குடோன்தான், எரிந்தது. நான் போனபோதும் ஒரு மூலை எரிந்துகொண்டிருந்தது. என் சர்வீஸிலேயே எரிகிற தீயைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூங்கில் எரிந்தால் கணுக் கணுவாக வெடிக்கும், தெரியுமா உங்களுக்கு? உள்ளே இருக்கிற காற்று சூடேறி, பட்... பட்... டமார்.

துண்டு தரையில் விழுகிற அதே சத்தம்.

விமானத்தின் உடம்பு அலுமினியம். அது அப்படி வெடிக்காது. அலுமினியம் உருகும். டயர் எரிந்தால் கண் திறக்க முடியாத கரும்புகை வரும். அத்தான் கதையில் கரும்புகையே கிடையாது. விமானத்து எண்ணெயில் பிடித்த தீயை ஈரச்சாக்கால் அடித்தால் அணையாது, பரவும். நான் அங்கேயே நின்று முடிவு கட்டிவிட்டேன். அது விமானமே இல்லை. ஏதோ மூங்கில் கொட்டகை. அனேகமாகச் சமையல் கொட்டகை. அடுப்புத் தீ. அத்தான் சமையல் கொட்டகையை அணைத்துவிட்டு, ரயிலில் வருகிற வழியில் அதை விமானமாக ஆக்கிவிட்டார்.

அதை நேரடியாகக் கேட்டுவிடலாமா? முடியாது சார். மனிதருக்கு இருப்பது அந்த ஒரு கதை. ஒன்பது வருஷ சர்வீஸிலும் ஆறு வருஷக் காத்திருப்பிலும் சொல்லிக்கொள்ள அந்த ஒரு சாயங்காலம்தான். அதைப் பிடுங்கிவிட்டு நான் என்ன செய்யப் போகிறேன்? ஆனால் வாயும் சும்மா இருக்காது. ஒவ்வொரு விசேஷத்திலும் ஒரு கேள்வி போடுவேன், மரியாதையாக. ‘அத்தான், அன்னைக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?’ ‘அத்தான், டயரு எரிஞ்ச நாத்தம் வந்துச்சா?’ ‘டேங்குல எண்ணெய் இருந்துச்சா அத்தான்?’

ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். வெற்றிலையை மடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே:

‘நீ அங்க இருந்தியா, மாப்ளே?’

பந்தலே சிரிக்கும். அதோடு கதை முடிந்துவிடும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இப்படியே போகிறது. அக்காவுக்கு மட்டும் நான் ஏதோ மனசில் வைத்துக்கொண்டு கேட்கிறேன் என்று தெரியும். ஒரு நாள் சொன்னாள், ‘ஏல ஆவுடை, நீ போறதெல்லாம் அணைஞ்ச தீக்குத்தான். எரியுற தீயைப் பத்தி ஒனக்கு என்னல தெரியும்?’ விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்வதில்லை.

அது யாருடைய டோக்கன்? உங்களுடையது இல்லையே? சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முன்னாள் விமானப்படையினர் சங்கத்தில் மூத்தவர்களுக்குப் பாராட்டு. அத்தானும் உண்டு. பொன்னாடை, அப்புறம் வாழ்த்து மடல். கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் ஒருவர் நின்று சத்தமாக வாசித்துக் கொடுப்பார்களே, அது. எழுதுகிற வேலையை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள். ‘நீதான் ரிப்போர்ட் எழுதி எழுதிப் பழகுனவன். அந்தத் தீக் கதையை நல்லா விரிச்சு எழுதுல’ என்றாள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மேடையில் யார் உட்காரப் போகிறார்கள் தெரியுமா? நிஜமாகவே விமானம் ஓட்டினவர்கள். அந்தச் சண்டையில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, ‘எந்த நிலையம்? எந்த விமானம்? அப்படி ஒன்று நடக்கவே இல்லையே’ என்று கேட்டுவிட்டால்? பேரன் பேத்திகள் முன்வரிசையில் இருப்பார்கள். எழுதாமல் விட்டாலும் ஆபத்து. அந்தக் கதையை எடுத்துவிட்டால் மடலில் மிச்சம் என்ன இருக்கிறது? ‘ஆறாண்டுகள் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டவரே’ என்றா எழுத முடியும்?

கேட்டுவிடுவது என்று புதன்கிழமை மத்தியானம் கிளம்பிப் போனேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ரொம்ப நாசூக்காக ஆரம்பித்தேன்.

‘அத்தான், தப்பா நினைக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் கேக்கேன். அன்னைக்கு நீங்க அணைச்சது... சமையல் கொட்டகைதானே?’

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

‘சமையல் கொட்டகையா? இத்தன வருஷமா நீ அப்படியா நெனச்சிட்டு இருக்க?’

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறுக்கு அச்சைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ‘கொட்டகை இல்லல கூறு கெட்டவனே. பிளேனுதான். மூங்கில் பிளேனு.’

நான் அவளைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

‘ஒனக்குத் தெரியுமாக்கா?’

‘அவுக வந்து எறங்குன அன்னைக்கே தெரியும்.’

அத்தான் நிதானமாகச் சொன்னார். சார், நான் அதை அப்படியே உங்களிடம் சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. தந்தி கிடைத்து ஆசையாகப் போய் இறங்கினாராம். அங்கே நின்ற விமானம் எதுவும் இவருக்குத் தெரிந்த விமானம் இல்லை. எல்லாம் ஜெட். இவர் விட்டுவந்த பிறகு எல்லாமே மாறிவிட்டது. என்ன வேலை கொடுப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அப்போது ஒரு ஆபீசர், ‘மரவேலை, துணி வேலை தெரிந்தவன் யார்?’ என்று கேட்டார். இவர் கையைத் தூக்கினார். நிஜ விமான நிலையத்திலிருந்து ரொம்ப தூரம் தள்ளி ஒரு வெட்டவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே பொய் விமானங்கள் செய்ய வேண்டும். மூங்கிலும் சாக்கும் வெள்ளிப் பெயின்ட்டும். மேலிருந்து பார்க்கிற எதிரி அதுதான் நிஜம் என்று நினைத்து அங்கே குண்டைக் கொட்டிவிட்டுப் போகணும். அதுதான் திட்டம்.

‘பஸ்ஸுக்குப் பாடி கட்டுன கையில்லியா மாப்ளே. ஒரு பிளேனுக்கும் இன்னொரு பிளேனுக்கும் வித்தியாசம் தெரியாது. தெறக்கவே தெறக்காத பிளேனுக்குக் கதவு வச்சேன், கதவுக்குக் கைப்பிடி வச்சேன். ஆபீசரே, எதுக்குப்பா கைப்பிடின்னு கேட்டாரு.’

‘அது எரிஞ்சா?’

‘எரியணும். அதான் ஆர்டர். எரிஞ்சாத்தான் அவன் சந்தோஷமா திரும்பிப் போவான். தீப்பிடிச்சா ஒருத்தனும் கிட்டப் போகப்படாது. குண்டு விழுந்ததும் குழிக்குள்ள எங்க ஆளுங்க கை தட்டுறாங்க மாப்ளே. ஏமாந்துட்டான், ஏமாந்துட்டான்னு ஒரே சிரிப்பு.’

‘நீங்க?’

‘நான் ஓடுறேன்.’

அக்கா மறுபடியும் சிரித்தாள். ‘போய் அணைச்சு வச்சிட்டு வந்திருக்காக. அந்த ஆபீசர் என்ன சொன்னாருன்னு சொல்லுங்க.’

‘முட்டாளே, அவன் அவ்வளவு தூரத்துலருந்து வந்து, கஷ்டப்பட்டுக் குண்டு போட்டுட்டுப் போறான், நீ அணைச்சு வைக்கேன்னாரு. சண்டை முடியுற வரைக்கும் உருளைக்கிழங்கு உரிக்கப் போட்டுட்டாரு. இந்தக் கையோட. ஆனா மனுசன் நல்லவரு. தெனம் அவரே வந்து கைக்கு மருந்து போட்டுட்டுத்தான் போவாரு. போடும்போதும் திட்டுவாரு.’

‘ஏன் அத்தான், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே’ என்றேன்.

‘நீ கேக்கலியே மாப்ளே. காத்து எந்தப் பக்கம்னு கேட்ட. டயரு நாறிச்சான்னு கேட்ட. டேங்குல எண்ணெய் இருந்துச்சான்னு கேட்ட. பிளேனு எதுல செஞ்சதுன்னு ஒரு நாளும் கேக்கலியே.’

இது நியாயமா சார்? விமானம் என்று ஒருவர் சொன்னால், எதில் செய்தது என்றா கேட்பார்கள்? நீங்கள் கேட்பீர்களா? சிரிக்காதீர்கள்.

ஆனால் ஒன்று எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. கட்டியது அவர். எரிவதற்கென்றே கட்டியது. ஆர்டர் தெரியும். பிறகு எதற்கு ஓடினார்?

‘தீன்னதும் காலு தானா ஓடிட்டு மாப்ளே. புத்தி குழிக்குள்ளயே கெடந்துச்சு. பாதி வழியிலதான் அது மூங்கில்தானேன்னு நெனப்பு வந்துச்சு.’

‘வந்ததும் திரும்பியிருக்கலாமே.’

அவர் வலது கையைத் தடவிக்கொண்டிருந்தார். அக்காவும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

‘ஆறு வருஷம் பொட்டி கட்டி வச்சிருந்தேன். கூப்பிட்டுட்டான், வந்துட்டேன். தீயும் வந்துட்டு. மூங்கில்னு சொல்லித் திரும்பி வந்தா எப்படி மாப்ளே?’

அடுக்களையில் எண்ணெய்ச் சட்டி புகைய ஆரம்பித்தது. அக்கா எழுந்து உள்ளே போனாள். ‘மடலை என்ன செய்யட்டும் அத்தான்?’ என்று கேட்டேன். ‘மேடையில யாராவது சிரிச்சிட்டா?’

‘அன்னைக்கே குழிக்குள்ள சிரிச்சாங்க. புதுசா என்ன? எழுதுனா எழுது, விட்டா விடு.’ பேப்பரை மறுபடியும் எடுத்துக்கொண்டார். பேப்பருக்குப் பின்னாலிருந்து, அக்காவுக்குக் கேட்காத குரலில் சொன்னார். ‘எழுதுறதுல ஒரு அரை இஞ்சு கூடுனா என்ன, கொறைஞ்சா என்ன மாப்ளே?’

அரை இஞ்சு. அவர் வேண்டுமென்று சொன்னாரா, வாய்தவறி வந்ததா தெரியவில்லை.

அந்த ஆளெடுப்பு பற்றிச் சொன்னேன் இல்லையா? நெஞ்சளவு என்று. வரிசை நீளம் சார். வெயில் வேறு. முன்னால் நின்றவன் ஒருத்தன், உள்ளே ஊசி போடுவார்கள், ஓட விடுவார்கள், வடக்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று எதிர்க்கடைக்குப் போனேன். டீ ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வரிசை உள்ளே போய்விட்டது. கேட்டைச் சாத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தனக்கும் ஒரு டீ சொன்னார். வீட்டு வாசல் ஏறும்போதே சத்தமாக, ‘நெஞ்சளவு அரை இஞ்சு கொறைஞ்சுட்டு, மத்தபடி பய தேறிட்டான்’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா கண்ணை மூடும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவும் இன்றைக்குவரை அதைத்தான் நம்புகிறாள். சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் ஞாபகம். யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. என் தொழில் சந்தேகம், நானும் படவில்லை.

மடலை எழுதிவிட்டேன். ‘எதிரி குண்டு வீசிய களத்திலே, தீப்பற்றிய விமானத்தை நோக்கி, தனியொருவராக ஓடியவரே’ என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் உண்மை. ஒரு சொல்லை யாரும் அசைக்க முடியாது. என் சர்வீஸில் எழுதின ரிப்போர்ட்டுகளிலேயே எனக்குத் திருப்தியாக இருப்பது இதுதான். எதில் செய்த விமானம் என்று மேடையில் யாராவது கேட்டால், அத்தானே சொல்லிக்கொள்ளட்டும். அவர் சொல்வார். கதவுக்குக் கைப்பிடி வைத்ததிலிருந்து ஆரம்பிப்பார்.

அப்புறம் என்ன கவலை என்கிறீர்கள். காலையிலிருந்து என் முகம் சரியில்லை என்று பஸ்ஸில் அவரும் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இந்த கேண்டீன் கேட்டில் இறங்கி நடக்கும்போதுதான் வாயில் வந்துவிட்டது. கேட்டுவிட்டேன். இத்தனை வருஷமாக அவரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதில்லை. அவர் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். ‘இரு மாப்ளே, சாமானை வாங்கிட்டு வந்து சொல்லுதேன்’ என்று உள்ளே போய்விட்டார். எப்போதும் போல ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன். சிரிக்கவில்லை.

இப்போது கூப்பிட்டது உங்கள் டோக்கன்தான். போங்கள், போங்கள். அதோ, அத்தானும் வந்துவிட்டார். இரண்டு கையிலும் பை. நான் போய் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். வலது கையில் பாரம் தாங்காது அவருக்கு.

என்ன கேட்டேன் என்றா? பெரிதாக ஒன்றுமில்லை சார். அவர் எப்போதும் என்னைக் கேட்டதைத்தான் நான் திருப்பிக் கேட்டேன். ‘அத்தான், நான் அங்க இருந்தேனான்னு கேப்பீங்களே. இருந்திருந்தா? அந்தக் குழியில ஒங்க பக்கத்துல நான் இருந்திருந்தா, எந்திரிச்சு ஓடியிருப்பேனா?’